யார் சொன்னது என்று கேளாதிருங்கள்

பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஊர்ப் பள்ளிக்கூடத்தின் நிர்வாகத்தில் உங்களுக்கு ஒரு பாத்தியதையை அளித்திருக்கிறது. குழுவில் முக்கால் பங்கினர் அங்கே படிக்கும் குழந்தைகளின் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும் என்றும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்ததன் தாத்பரியம், அதிகாரிகளின் பார்வைக்கு எட்டாத விஷயங்களும் பெற்றவர்களின் பார்வைக்கு எட்டும் என்ற நம்பிக்கையே ஆகும். சுற்றுச்சுவரைப் பற்றியும், குடிநீர்த் தொட்டியைப் பற்றியும், சத்துணவுக் கூடத்தைப் பற்றியும் நீங்கள் கூடிப் பேசித் தீர்மானங்கள் நிறைவேற்றுகிறீர்கள். குழந்தைகளின் மனத்தைக் கவனிப்பதற்கென்றே பள்ளியில் ஒருவர் இருக்க வேண்டிய அவசியத்தைப் பற்றியும், அப்படி ஒருவர் வந்து சேர்ந்தபின் அவரிடம் நீங்கள் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என்பதைப் பற்றியும் உங்களிடம் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும் என்று, பல ஆண்டுகளாகப் பள்ளி ஆலோசகராகப் பணிபுரிந்துவரும் நான் இம்மடலை எழுதுகிறேன்.

இதை இப்பொழுது எழுதுவதற்கு ஒரு முகாந்திரம் உண்டு. ஒரு மாணவியின் அகால மரணத்தைப் பற்றிய வழக்கில், 2025ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் நாடு முழுவதிலும் உள்ள கல்வி நிலையங்களுக்கு 15 வழிகாட்டு நெறிகளை வகுத்து, உரிய சட்டம் இயற்றப்படும் வரையில் அவை கட்டுப்படுத்தும் என்றும் அறிவித்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் நிலையம் ஒவ்வொன்றும், தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும்; அதற்குக் குறைந்த எண்ணிக்கை உள்ளவை வெளியிலுள்ள மனநல வல்லுநர்களோடு முறையான தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஆகவே உங்கள் பள்ளிக்கு ஆலோசகர் வேண்டுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது; வருகிறவரைக்கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்ற கேள்வியே மிஞ்சி நிற்கிறது.

பள்ளிக்கு ஆலோசகர் என்பது நேற்று முளைத்த மேல்நாட்டு நாகரிகம் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். இளைஞர்கள் தமக்கேற்ற தொழிலைத் தேர்ந்துகொள்ள வழிகாட்டும் பணியாக, 1908ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவரின் முயற்சியால் இவ்வேற்பாடு உருக்கொண்டது மெய்தான். ஆயினும், நெடுங்காலம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய டாக்டர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியாரின் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, 1953ஆம் ஆண்டிலேயே, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளின் சேவை படிப்படியாக எல்லாக் கல்வி நிலையங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று பரிந்துரை செய்தது. அதன் பின்னர் 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, வழிகாட்டலும் ஆலோசனையும் கல்வியின் பிரிக்க முடியாத அங்கம் என்று கூறியதோடு, நாட்டின் பொருள் நிலையை உத்தேசித்து, பத்துப் பள்ளிகளுக்கு ஒருவராக வந்துபோகும் ஆலோசகரையாவது அமர்த்துங்கள் என்று கேட்டுக்கொண்டது. பத்துப் பள்ளிகளுக்கு ஒருவர் என்ற அந்த எளிய கோரிக்கைகூட நிறைவேறாமலே இரண்டு தலைமுறைக் குழந்தைகள் பள்ளிப் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள் என்பதை நினைக்கையில், இப்பொழுது கிடைத்திருக்கும் வாய்ப்பை நழுவவிடுவது எவ்வளவு பெரிய அபசாரமாகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆலோசகரின் பணி யாது? ஒரு குழந்தையைச் சுற்றியிருக்கும் பெரியவர்கள் பெரும்பாலும் அதன் நலத்தை நாடுகிறவர்களே. ஆனால் அவர்கள் ஒவ்வொருவரிடத்தும் அக்குழந்தை அஞ்சத்தக்க ஏதோ ஒன்று இருக்கிறது. ஆசிரியரின் கையில் மதிப்பெண் இருக்கிறது. தலைமையாசிரியரின் கையில் டி.சி. இருக்கிறது, தந்தையின் குரலில் கோபமும் தாயின் கண்ணில் நீரும் இருக்கின்றன, அத்தை, சித்தப்பா முதலிய உறவினரின் வாயிலோ ஊர் முழுவதும் இருக்கிறது. இவர்களில் எவரிடம் சொன்னாலும் சொன்னதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று அறிந்த குழந்தை, சொல்லாமலிருப்பதே க்ஷேமம் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறது. தனக்கு மதிப்பெண் போடாத, தன்னைத் தண்டிக்க அதிகாரமில்லாத, தான் சொன்னதை மற்றொருவரிடம் கொண்டுபோகாத ஒரு பெரியவர் அப்பள்ளியின் எல்லைக்குள் இருக்கிறார் என்ற உணர்வே அக்குழந்தைக்கு முதல் உதவி. மற்ற உதவிகள் எல்லாம் அந்த உணர்வின்மேல் கட்டப்படுபவை.

ஆலோசகர் என்றதும் புத்திமதி கூறுகிறவர் என்று நினைப்பது இயல்பு. எங்கள் வேலையில் புத்திமதிக்கு உள்ள இடம் மிகச் சொற்பம். வருகைப் பதிவேட்டைப் புரட்டி, எந்தப் பிள்ளை எந்தக் கிழமையில் வராமல் போகிறது என்று பார்க்கிறோம். சிறு குழந்தைகளிடம் ஒரு தாளும் வண்ணப் பென்சிலும் கொடுத்து வீட்டை வரையச் சொல்லி, அந்த வீட்டில் யார் எங்கே நிற்கிறார் என்று அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்கிறோம். வகுப்புகளுக்குச் சென்று கோபம், பயம், நட்பு, உடலின் பாதுகாப்பு ஆகியவற்றைப் பற்றிப் பொதுவாக உரையாடுகிறோம். மருத்துவரின் சிகிச்சை தேவைப்படும் பிள்ளையை இனம் கண்டு, அதன் பெற்றோரின் சம்மதத்தோடு மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பிவைக்கிறோம். எஞ்சிய பொழுதெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பதிலேயே கழிகிறது.

நான் அறிந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றி, அவர்கள் இன்னாரென்று எவருக்கும் தெரியாதபடி விவரங்களை மாற்றி, இங்கே சொல்கிறேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன். அடங்காதவன், ஒரு நிமிஷம் உட்காராதவன் என்று பெயர் வாங்கியவன். அவனுக்கு ‘கவுன்சலிங்’ கொடுத்து அடக்கித் தர வேண்டும் என்பது எனக்கு இடப்பட்ட உத்தரவு. அவனை அழைத்துப் பேசுவதற்கு முன், வகுப்பின் கடைசி பெஞ்சில் சில நாட்கள் உட்கார்ந்து நான் கவனித்தபோது ஒரு விஷயம் புலப்பட்டது. கணக்குப் பாடவேளையில் அவன் மற்றப் பிள்ளைகளைப் போலவே இருந்தான். தமிழ்ப் பாடத்திலோ ஆங்கிலப் பாடத்திலோ, ‘ஒவ்வொருவராக எழுந்து வாசியுங்கள்’ என்று ஆசிரியர் சொல்லி, முதல் பெஞ்சிலிருந்து வாசிப்பு தொடங்கி அவனுடைய வரிசையை நெருங்குகையில் மாத்திரம், தண்ணீர் கொண்டுவரட்டுமா என்று எழுந்தான், டஸ்டரைத் தட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டான், ஒன்றும் பலிக்காவிட்டால் பக்கத்துப் பையனைக் கிள்ளி வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டான். கரும்பலகையில் இருப்பதை முத்து முத்தாகப் பார்த்தெழுதத் தெரிந்த அவனுக்கு, தான் எழுதியதையே வாசிக்கத் தெரியவில்லை. படிக்கத் தெரியாதவன் என்ற பெயரைவிட அடங்காதவன் என்ற பெயர் மேலானது என்று அந்தப் பதின்மூன்று வயதுப் பிள்ளை தீர்மானித்திருந்தான்.

டிஸ்லெக்ஸியா என்னும் வாசிப்புக் குறைபாடு அறிவுக் குறைவு அன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. முறையாகப் பரிசோதித்துச் சான்று பெற்ற மாணவர்களுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதும் உதவியாளரும், வேறு சலுகைகளும் உண்டு. இவையெல்லாம் அந்தப் பையனுக்குப் பின்னர் கிடைத்தன. ஆனால் அவை கிடைப்பதற்கு முன்னால், தண்ணீர்க் குடத்தைத் தூக்க அவன் எந்தப் பாடவேளையில் எழுகிறான் என்பதைக் கவனிக்க ஒருவருக்கு அவகாசம் இருக்க வேண்டியிருந்தது. ஐந்து வகுப்புகளுக்குப் பாடம் நடத்தி, நோட்டுத் திருத்தி, எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தில் விவரம் ஏற்றும் ஆசிரியருக்கு அந்த அவகாசம் இல்லாமற்போனது அவருடைய குற்றம் அன்று.

மற்றொருத்தி ஒன்பதாம் வகுப்பு மாணவி. பிற்பகலானால் தலைவலி, சில நாட்களில் மயக்கம். பரீட்சைப் பயம் என்றார் ஒருவர். காதல் விவகாரமாக இருக்கும் என்றார் மற்றொருவர். என்னிடம் வந்து ஏதேதோ பேசிய பெண், மூன்றாவது சந்திப்பில்தான், காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டது முதல் மாலையில் திரும்பும் வரை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று சொன்னாள். குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. தோழி ஒருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தோழியோடு மனஸ்தாபமாகிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. மனநோய் எதுவும் அவளுக்கு இல்லை. ஒரு தாழ்ப்பாளும் ஒரு சமாதானமும் இல்லாமல் இருந்தன, அவ்வளவே.

நான் மேலாண்மைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தேன்: மாணவியர் கழிவறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் வேண்டும். கூட்டத்தில் எழுந்த முதல் கேள்வி, ‘இதை யார் சொன்னது?’ என்பது. கேட்டவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை, பரிவோடுதான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்விக்கு நான் விடை சொல்லியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று சிந்தித்துப் பாருங்கள். அன்று மாலைக்குள் அப்பெண்ணின் தாய்க்குச் செய்தி எட்டியிருக்கும். மறுநாள் வகுப்பில் அவள் பெயர் தாழ்ப்பாளோடு சேர்த்துப் பேசப்பட்டிருக்கும். அதன் பின்னர் அவள் என் அறைப் பக்கம் திரும்பியிருக்க மாட்டாள். அவளைப் பார்த்து மற்ற எந்தப் பிள்ளையும் வந்திருக்காது. ஓர் ஆலோசகரின் வேலையை ஒரே நாளில் அழித்துவிடுவதற்கு அந்த ஒரு கேள்வியும் அதற்கு ஒரு விடையும் போதும். ‘பெயரைச் சொல்வதற்கில்லை, தாழ்ப்பாள் இல்லை என்பதை நீங்களே போய்ப் பார்க்கலாம்’ என்றேன். குழுவிலிருந்த இரு தாய்மார்கள் எழுந்து சென்று பார்த்துவிட்டு வந்தார்கள். அந்த வாரத்திலேயே தாழ்ப்பாள் போடப்பட்டது. யார் சொன்னது என்பது இன்றளவும் அந்தக் குழுவுக்குத் தெரியாது; தெரிய வேண்டிய அவசியமும் ஏற்படவில்லை.

இம்மடலின் வாயிலாக நான் உங்களிடம் வேண்டுவதன் சாரம் இதுவே. ஆலோசகரிடம், ‘பள்ளியில் என்ன குறை, நாங்கள் என்ன செய்ய வேண்டும்?’ என்று எத்தனை முறை வேண்டுமானாலும் கேளுங்கள். மாதந்தோறும் எத்தனை பிள்ளைகளைச் சந்தித்தார், எவ்வகையான இடர்ப்பாடுகள் மிகுதியாகக் காணப்படுகின்றன என்று பெயரில்லாத அறிக்கை கேளுங்கள். அது உங்கள் உரிமை. எந்தப் பிள்ளை என்ன சொன்னது என்று மாத்திரம் கேளாதிருங்கள். பெற்றவர் என்ற முறையில் உங்கள் சொந்தப் பிள்ளையைப் பற்றி அறிய விரும்புவது நியாயமே. அதையும் அப்பிள்ளையின் சம்மதத்தோடு, அப்பிள்ளையையும் உடன் வைத்துக்கொண்டு பேசினால் அன்றிப் பலன் இராது என்பதை அனுபவத்தால் கண்டு சொல்கிறேன்.

அப்படியானால் எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடலாமா என்று கேட்பீர்கள். கூடாது. அந்தரங்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை முதல் சந்திப்பிலேயே குழந்தைக்கு எடுத்துச் சொல்லிவிடுவது எங்கள் தொழில் தர்மம். ‘நீ சொல்வதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், ஆனால் உன் உயிருக்கு ஆபத்து என்றாலும், உன்னால் மற்றொருவருக்கு ஆபத்து என்றாலும், உனக்கு யாராவது தீங்கு செய்கிறார்கள் என்றாலும், உன்னைக் காப்பாற்றக் கூடியவர்களிடம் சொல்லியே தீருவேன், சொல்வதற்கு முன் உன்னிடம் தெரிவிப்பேன்’ என்று தெளிவாகக் கூறுகிறோம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி, பதினெட்டு வயது நிரம்பாத எவருக்கும் பாலியல் குற்றம் இழைக்கப்பட்டதை அறிந்தவர் அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை. தெரிவிக்கத் தவறுவது தண்டனைக்குரியது. தமக்குக் கீழ்ப் பணிபுரிபவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்கத் தவறும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பள்ளியின் பெயர் கெட்டுவிடும், ஊர் மானம் போய்விடும், பெரியவர்கள் கூடிப் பேசி முடித்துக்கொள்ளலாம் என்ற பேச்சு அத்தகைய சந்தர்ப்பத்தில் எழும். எழாமல் இருந்ததை நான் கண்டதில்லை. அந்த வேளையில் ஆலோசகரின் பக்கத்தில் உறுதியாக நிற்பதும், குழந்தையின் பெயர் வெளியே கசியாமல் காப்பதும் உங்களையன்றி வேறெவராலும் ஆகாத காரியங்கள்.

நல்ல எண்ணத்தோடு ஆலோசகரை நியமித்துவிட்டு, அறியாமையால் அவரைப் பயனற்றவராக்கிவிடும் வழிகள் சில உண்டு. விடுப்பிலிருக்கும் ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ள அனுப்புவது ஒன்று. காலையில் கையில் பிரம்போடு நின்ற ஒருவரிடம் மாலையில் எந்தப் பிள்ளையும் மனத்தைத் திறக்காது. காலை வணக்கக் கூட்டத்தில் ஒலிபெருக்கி மூலம் பெயர் சொல்லி, ‘இவர்கள் எல்லாம் ஆலோசகரைப் போய்ப் பாருங்கள்’ என்று அனுப்புவது மற்றொன்று. அவ்வாறு செய்தால் அந்த அறைக்குப் போவதே அவமானம் என்றாகிவிடும். ஆசிரியர் அறையின் மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டு, இங்கே பேசிக்கொள்ளுங்கள் என்பது பிறிதொன்று. பெரிய கட்டிடம் எதையும் நாங்கள் கேட்கவில்லை. தாழிடாத ஒரு கதவு, வெளியிலிருந்து ஆள் தெரியும்படியும் பேச்சுக் கேட்காதபடியும் ஓர் அறை, பூட்டி வைக்கக்கூடிய ஓர் அலமாரி, வாரத்தில் நிச்சயமான சில மணி நேரம் ஆகிய இவ்வளவே தேவை.

பரீட்சைக் காலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பொதுத்தேர்வில் மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017ஆம் ஆண்டில் கைவிட்டது. தேறாத மாணவர்கள் ஓர் ஆண்டை இழக்காமல் சில வாரங்களிலேயே மீண்டும் எழுதத் துணைத்தேர்வு நடைபெறுகிறது. மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைப் பிரித்து உட்கார வைப்பதும், பலர் முன்னிலையில் இழிவு செய்வதும் தவிர்க்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் நெறிகளும் வற்புறுத்துகின்றன. இத்தனைக்குப் பின்னும், பள்ளி வாசலில் மதிப்பெண் வரிசைப்படி படங்களைப் போட்ட பதாகையைக் கட்டும் ஆசை நம்மை விடவில்லை. அந்தப் பதாகையில் இடம் பெறாத பிள்ளைகளே பெரும்பான்மையோர் என்பதையும், அவர்களும் அந்த வாசல் வழியேதான் வர வேண்டும் என்பதையும் நினைவில் வைத்து முடிவு செய்யுங்கள். முடிவுகள் வெளியாகும் நாளில் ஆலோசகர் பள்ளியில் இருக்க ஏற்பாடு செய்யுங்கள். தேசிய மனநல உதவி எண் 14416, குழந்தைகள் உதவி எண் 1098, கல்வி வழிகாட்டி எண் 14417 ஆகிய மூன்றையும், தலைமையாசிரியர் அறையில் அல்லாமல், பிள்ளைகள் தனியாக நின்று குறித்துக்கொள்ளக் கூடிய இடத்தில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

‘எங்கள் காலத்தில் இதெல்லாம் இருந்ததா? நாங்கள் வளரவில்லையா?’ என்று உங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்பார். அவருக்கு மரியாதையோடு விடை சொல்ல வேண்டும். அவர் காலத்தில் ஒரே கூரையின் கீழ்ப் பாட்டியும் அத்தையும் மாமாவும் இருந்தார்கள். தந்தையிடம் சொல்ல முடியாததை அவர்களில் ஒருவரிடம் சொல்ல முடிந்தது. அப்படி ஒருவர் வாய்க்காத பிள்ளைகளும் அன்று இருந்தார்கள். பாதியில் படிப்பை விட்டவர்கள், வீட்டை விட்டு ஓடியவர்கள், கிணற்றடியில் வாழ்வை முடித்துக்கொண்டவர்கள் பற்றிய செய்திகள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. அவர்கள் வளர்ந்தவர்களின் கணக்கில் சேரவில்லை, ஆகையால் நம் நினைவிலும் இல்லை. இன்றோ வேலை தேடித் தாயும் தந்தையும் வெளியூர் சென்றிருக்க, முதிய பாட்டியோடும் ஒரு கைப்பேசியோடும் வளரும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் நிறைந்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் தற்செயலாகச் செய்துவந்ததை, இனிப் பள்ளி தன் கடமையாக ஏற்றுச் செய்ய வேண்டியிருக்கிறது.

முழுநேர ஆலோசகர் உடனடியாகக் கிடைக்காமல் போகலாம். 250 மாணவர்களுக்கு ஒருவர் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் விரும்பும் அளவு. அந்த நாட்டிலேயே பல இடங்களில் அது எட்டாத இலக்காக இருக்கிறது. எனவே நிறைவான ஏற்பாடு வரும் வரையில் காத்திருக்க வேண்டாம். அக்கம்பக்கத்துப் பள்ளிகள் சில சேர்ந்து, ஒருவரைக் கிழமை முறை வைத்து வரவழைக்கக் கேட்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரோடு தொடர்பு ஏற்படுத்திக்கொள்ளலாம். பிள்ளைகளிடம் பரிவுள்ள ஆசிரியர் ஒருவரையும் ஆசிரியை ஒருவரையும் பயிற்சிக்கு அனுப்பலாம். அவ்வாசிரியர்கள் ஆலோசகருக்கு ஈடாக மாட்டார்கள்; எந்தப் பிள்ளையை எங்கே அனுப்ப வேண்டும் என்று அறிந்தவர்களாக இருந்தால் அதுவே பெரிய சகாயம்.

ஆகவே, அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்தப் பொருளைச் சேர்க்கும்படி உங்களை வேண்டிக்கொள்கிறேன். நம் பள்ளிக்கு ஆலோசகர் ஒருவரை அளிக்கக் கல்வித்துறையைக் கேட்டுக்கொள்வதென்றும், அவருக்குத் தனி அறையும் நேரமும் ஒதுக்குவதென்றும், வேறு வேலைகளுக்கு அவரை அனுப்புவதில்லையென்றும், எந்தக் குழந்தையின் பெயரையும் அவரிடம் குழுவோ, குழுவின் உறுப்பினர் எவருமோ கேட்பதில்லையென்றும் தீர்மானம் எழுதி, எல்லோரும் கையொப்பம் இடுங்கள். முதல் மூன்றும் அரசின் ஆணையாலும் பணத்தாலும் நிறைவேறக் கூடியவை. நான்காவது, உங்கள் நாவடக்கம் ஒன்றினாலேயே நிறைவேற வேண்டியது. அதுவின்றி மற்ற மூன்றும் இருந்தும் பயனில்லை.

தங்கள் நலம் நாடும்,
ஒரு பள்ளி ஆலோசகர்